சஸ்காச்சுவான் மாகாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் புல்வெளி மாகாணங்கள் மூன்று. மேற்கே ஆல்பர்ட்டா, கிழக்கே மனிடோபா, இரண்டுக்கும் நடுவே சஸ்காச்சுவான். கனடாவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் ஒன்டாரியோவில் இருப்பதால், இந்த மாகாணத்தை விமானத்தின் சாளரத்திலிருந்து பார்த்தவர்களே நம்மில் மிகுதி. மேலிருந்து பார்க்கும்போது அது கட்டம் போட்ட வெற்றுத்தாள் போலத் தெரிகிறது. அந்த நிலம் எக்காலத்திலும் வெறுமையாக இருந்ததில்லை என்பதை மனத்தில் கொண்டே கீழ்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

மாகாணம் எவ்வளவு பெரியது? எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

பரப்பளவு ஏறத்தாழ 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 11,32,505. தலைநகரம் ரெஜைனா, அதைவிடப் பெரிய நகரம் சஸ்கடூன். மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தொல்குடியினர்.

எல்லைகள் ஏன் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல இருக்கின்றன?

உண்மையிலேயே அவை அப்படித்தான் வரையப்பட்டன. தெற்கே 49ஆம் அட்சக்கோடு, வடக்கே 60ஆம் அட்சக்கோடு, மேற்கே 110ஆம் தீர்க்கக்கோடு. ஆறோ மலையோ கடலோ எல்லையாக அமையாத ஒரே கனடிய மாகாணம் இதுவே. தீர்க்கக்கோடுகள் வடக்கே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், மாகாணம் செவ்வகமாக இல்லாமல் மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கிறது. கிழக்கெல்லையை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், அது நேர்கோடாக இல்லாமல் சிறு சிறு படிகளாக இறங்குவதைக் காணலாம். நில அளவையர்கள் உருண்டையான பூமியின்மேல் சதுரக் கட்டங்களைப் பொருத்த முயன்றபோது, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை கட்டங்களைச் சற்றே நகர்த்தித் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தங்கள் எல்லைக்கோட்டிலேயே தங்கிவிட்டன. இந்தக் கட்டங்கள் வெறும் வரைபடச் செய்தி அல்ல. 1885ஆம் ஆண்டில் இவற்றின் பொருட்டு உயிர்கள் போயின. அதைப் பின்னர் காண்போம்.

முழுவதும் தட்டையான வயல்தானா?

இல்லை. தெற்குப் பகுதியின் பெரும்பாலான இடங்களுக்கே அந்த எண்ணம் பொருந்தும். வடபாதி, கனடியப் பாறைக்கேடயம் எனப்படும் மிகப் பழைய கடும்பாறைப் பரப்பைச் சேர்ந்த, காடும் ஏரியும் கொண்ட நிலம். மாகாணம் முழுவதிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏரிகள் இருப்பதாகச் சொல்வது வழக்கம். வடமேற்கில் அத்தபாஸ்கா ஏரியின் தென்கரையை ஒட்டி, குளிர்நாட்டுக் காட்டின் நடுவே, பரந்த மணற்குன்றுகள் இருக்கின்றன. வொலாஸ்டன் ஏரியின் நீர் இரண்டு திசைகளில் வெளியேறி, ஒரு பங்கு ஆர்க்டிக் பெருங்கடலுக்கும் மறு பங்கு ஹட்சன் விரிகுடாவுக்கும் செல்கிறது.

தென்மேற்கு மூலையில் சைப்ரஸ் குன்றுகள் எழுகின்றன. கடைசிப் பனியூழியில் பனிப்பாறைகள் இப்பகுதி முழுவதையும் மூடியபோதும் இக்குன்றுகளின் உச்சி மட்டும் மூழ்காமல் நின்றது. பெயரில் சைப்ரஸ் இருந்தாலும் அந்த மரம் அங்கே இல்லை. பிரெஞ்சு மொழி பேசியவர்கள் பைன் மரத்துக்கு வழங்கிய பெயர் ஆங்கிலத்துக்கு மாறும்போது நேர்ந்த பிழை அது. குன்றுகளின் தென்புறத்து நீர் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. ஆக, தனக்கென ஒரு சாண் கடற்கரைகூட இல்லாத இந்த மாகாணத்தின் நீர் மூன்று கடல்களுக்குச் செல்கிறது.

பெயருக்கு என்ன பொருள்?

கிரீ மொழியில் சஸ்காச்சுவான் ஆற்றுக்கு விரைந்தோடும் ஆறு என்ற பொருளில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது. சஸ்கடூன் என்பதும் கிரீ சொல்லே. அப்பகுதியில் விளையும் நாவல் நிறத்துச் சிறு பழத்தின் பெயர் அது. ரெஜைனாவின் கதை வேறு. காட்டெருதுகளின் எலும்புகள் குவித்து வைக்கப்பட்டிருந்ததால் அவ்விடத்தைக் கிரீ மக்கள் எலும்புக் குவியல் என்று அழைத்தார்கள். 1882இல் இருப்புப்பாதை அங்கே வந்தபோது, விக்டோரியா அரசியைக் குறிக்கும் வகையில், அரசி என்று பொருள்படும் லத்தீன் சொல் ஊர்ப்பெயராயிற்று.

மாகாணம் உருவாகும் முன் அங்கே யார் வாழ்ந்தார்கள்?

கிரீ, சோட்டோ, டெனே, நகோடா, டகோட்டா, லகோட்டா ஆகிய மக்கள். சஸ்கடூன் நகருக்கு அருகிலுள்ள வனுஸ்கேவின் பள்ளத்தாக்கில் ஆறாயிரம் ஆண்டுகளாக மனிதர் கூடி வாழ்ந்ததற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்பகுதி மக்களின் உணவு, உடை, கூடாரம், கருவி யாவும் பைசன் எனப்படும் காட்டெருதைச் சார்ந்திருந்தன.

மென்மயிர்த் தோல் வணிகம் செய்த ஆங்கிலேய ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஹென்றி கெல்சி 1690களின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்தார். 1774இல் சாமுவேல் ஹெர்ன் கம்பர்லாந்து ஹவுஸ் என்ற வணிக நிலையத்தை அமைத்தார். மாகாணத்தில் ஐரோப்பியர் நிறுவிய நிலையான குடியிருப்புகளில் அதுவே பழையது. மென்மயிர்த் தோல் வணிகத்தின் ஊடே தொல்குடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய ஆண்களுக்கும் பிறந்த வழியினர், மேட்டீ என்ற தனித்த மக்களாக, தமக்கே உரிய மொழியும் இசையும் சட்டமும் கொண்டு வளர்ந்தார்கள்.

1870இல் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் பெயரிலிருந்த பெருநிலப்பரப்பு கனடா அரசின் கைக்கு வந்தது. அங்கே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. பின்னர் அரசுக்கும் தொல்குடியினருக்கும் எண்ணிட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1874இல் கப்பெல் கோட்டையில் நான்காம் ஒப்பந்தமும், 1876இல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் ஆறாம் ஒப்பந்தமும் அவற்றில் முதன்மையானவை. ஆறாம் ஒப்பந்தத்தில் பஞ்ச காலத்தில் உதவியும், அரசு முகவரின் வீட்டில் மருந்துப் பெட்டி ஒன்றும் வாக்களிக்கப்பட்டன. ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் என்று அன்று எழுதப்பட்ட தொகை இன்றும் அதே ஐந்து டாலராகவே வழங்கப்படுகிறது. நிலத்தைப் பகிர்ந்துகொள்ள இசைந்தோம் என்பது தொல்குடி முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் பொருள். நிலம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது என்பது ஆங்கிலப் பத்திரத்தின் வாசகம். இந்த வேறுபாடு இன்றளவும் நீதிமன்றங்களில் நிற்கிறது. என் கருத்தில், இம்மாகாணத்தைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு செய்தியைத்தான் அறிந்துகொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்க வேண்டும்.

1885இல் என்ன நடந்தது?

1870களின் இறுதிக்குள் கனடியப் புல்வெளியில் காட்டெருதுக் கூட்டங்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. பசியால் வாடிய மக்களை ஒதுக்கிய இடங்களுக்கு நகர்த்துவதற்கு, உணவுப் பங்கீட்டை நிறுத்தி வைப்பதையே அரசு கருவியாகக் கொண்டது. அதே காலத்தில் மேட்டீ மக்களின் நிலமும் கேள்விக்குள்ளானது. அவர்கள் தென் சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றுமுகம் கிடைக்கும்படி, நீண்டு ஒடுங்கிய துண்டுகளாக நிலத்தைப் பிரித்து வாழ்ந்தவர்கள். அரசின் அளவையரோ சதுரக் கட்டங்களோடு வந்தார்கள். மனுக்களுக்கு விடை கிடைக்காத நிலையில், மேட்டீ மக்கள் தம் தலைவர் லூயி ரியேலை அழைத்து வந்தார்கள். கேப்ரியேல் டுமோன் படையை நடத்தினார். மார்ச் 26 அன்று டக் லேக்கில் தொடங்கிய மோதல், மே 9 முதல் 12 வரை படோஷ் ஊரில் நடந்த போரில் முடிந்தது. முற்றுப்பெறாத இருப்புப்பாதை வழியாகவே கிழக்கிலிருந்து படைகள் விரைந்து வந்து சேர்ந்தன.

நவம்பர் 16 அன்று ரியேல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். பதினொரு நாள் கழித்து பேட்டில்ஃபோர்டில் தொல்குடியினர் எட்டுப்பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். அமைதியை நாடிய கிரீ தலைவர் பவுண்ட்மேக்கர் துரோகக் குற்றத்துக்காகச் சிறைசென்று, விடுதலையாகிச் சில மாதங்களிலேயே இறந்தார். 2019இல், 134 ஆண்டுகளுக்குப் பிறகு, கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. 1885ஐத் தொடர்ந்து, ஒதுக்கிய நிலத்தை விட்டு வெளியே செல்ல முகவரின் அனுமதிச்சீட்டு வேண்டுமென்ற வழக்கம் வந்தது; அதற்குச் சட்டத்தின் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் நடுவண் அரசின் கீழிருந்த கடைசிப் பள்ளி, 1996இல், இம்மாகாணத்தில்தான் மூடப்பட்டது. 2021 ஜூனில் மரிவல் உறைவிடப் பள்ளி இருந்த இடத்தருகே 751 பெயரற்ற புதைகுழிகள் இருப்பதாகக் கவசெஸ் தொல்குடியினர் அறிவித்தார்கள்.

மாகாணத் தகுதி எப்போது கிடைத்தது?

1905 செப்டம்பர் 1 அன்று, ஆல்பர்ட்டாவுடன் ஒரே நாளில். அதுவரை இப்பகுதி அடங்கியிருந்த வடமேற்கு ஆட்புலங்களின் முதல்வராக இருந்த ஃபிரடரிக் ஹால்டேன் ஒரே பெரிய மாகாணம் கேட்டார். அதற்குக் காட்டெருதின் பெயரையே வைக்கவும் விரும்பினார். பிரதமர் லோரியே அதை இரண்டாகப் பிரித்தார். நிலமும் கனிமமும் ஒட்டாவாவிலுள்ள நடுவண் அரசின் கையிலேயே இருந்து, 1930இல்தான் மாகாணத்துக்கு வந்தன.

1872ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்படி பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது; அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பண்படுத்தி வீடு கட்டினால் உரிமை. உக்ரேனியர், ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர், ரஷ்யாவிலிருந்து வந்த டூகபோர் சமயத்தார் எனப் பலரும் வந்தார்கள். 1901இல் 91,279ஆக இருந்த மக்கள்தொகை 1911இல் 4,92,432 ஆயிற்று. 1931இல் ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் அடுத்து, நாட்டின் மூன்றாவது பெரிய மக்கள்தொகை கொண்ட மாகாணம் இதுவே.

பிறகு ஏன் அந்த இடத்தை இழந்தது?

உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் ஒரே நேரத்தில் வந்தன. கோதுமையின் விலை சரிந்தது; மழை பொய்த்தது; உழுது திறந்துவிட்ட மேல்மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. தென்பகுதியின் பெரும்பரப்பு வேளாண்மைக்கு ஏற்றதல்ல என்று 1857 முதல் 1860 வரை ஆய்வுப் பயணம் நடத்திய ஜான் பாலிசர் அன்றே எழுதியிருந்தார். அப்பகுதி அவர் பெயராலேயே பாலிசர் முக்கோணம் எனப்படுகிறது. 1937 ஜூலை 5 அன்று யெல்லோ கிராஸ், மிடேல் ஆகிய ஊர்களில் 45 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. 2021 வரை கனடாவின் உச்ச வெப்பநிலை அதுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பண்ணையைக் கைவிட்டு வடக்கே காட்டோரத்துக்கோ பிற மாகாணங்களுக்கோ சென்றன.

கனடாவின் பொது மருத்துவத் திட்டம் இங்கே தொடங்கியது உண்மையா?

உண்மை. அதற்கான மண் முன்பே பண்பட்டிருந்தது. தனியார் மருத்துவர் வர மறுத்த சிற்றூர்கள் வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்து மருத்துவரை அமர்த்தும் வழக்கம் இங்கே 1910களிலேயே இருந்தது. தானியத்தைச் சேர்ந்து விற்பதற்கு விவசாயிகள் 1924இல் கூட்டுறவு அமைத்திருந்தார்கள். 1944இல் டாமி டக்ளஸ் தலைமையில் வட அமெரிக்காவின் முதல் சமதர்ம அரசு இங்கே அமைந்தது. சிறுவயதில் எலும்பு நோயால் காலையே இழக்க இருந்தவர் டக்ளஸ். மாணவர்கள் பார்த்துக் கற்க இசைந்தால் கட்டணமின்றி அறுவை செய்வதாக ஒரு மருத்துவர் முன்வந்ததால் அவருடைய கால் தப்பியது. சிகிச்சை என்பது ஒருவருடைய நல்லூழைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே பிறந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1947இல் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. எல்லோருக்குமான மருத்துவர் சேவைத் திட்டம் 1962 ஜூலை 1 அன்று, வுட்ரோ லாய்டு முதல்வராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் கழித்து சஸ்கடூன் உடன்பாட்டோடு அது முடிந்தது. 1966இல் நாடாளுமன்றம் இதைப் பின்பற்றிச் சட்டம் இயற்ற, 1972க்குள் எல்லா மாகாணங்களும் இணைந்தன. டொராண்டோவில் மருத்துவ அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், இந்தப் புல்வெளி மாகாணத்தின் அந்த 23 நாட்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

மாகாணச் சின்னங்கள் எவை?

1969இல் ஏற்கப்பட்ட கொடியின் மேற்பாதி பச்சை, கீழ்ப்பாதி பொன்னிறம். வடக்கின் காடும் தெற்கின் கதிர்வயலும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகளிலிருந்து ஹாட்ஜ்வில் ஊரைச் சேர்ந்த ஆண்டனி டிரேக் என்பவருடையது தேர்வாயிற்று. கொடியில் இடம்பெறும் சிவப்பு லில்லி, 1941இலிருந்து மாகாண மலர். அதைப் பறிப்பது சட்டப்படி குற்றம். கூர்வால் கொண்ட காட்டுக்கோழி வகை ஒன்று மாகாணப் பறவை, வெண்பூர்ச்சு மாகாண மரம், வெண்வால் மான் மாகாண விலங்கு. 1986இல் ஏற்ற குறிக்கோள் வாசகம் லத்தீனில் உள்ளது. பல மக்களிடமிருந்து வலிமை என்பது அதன் பொருள்.

தொல்லுயிர்ச் சின்னமும் உண்டு. 1991இல் ஈஸ்டெண்ட் ஊருக்கு அருகே கண்டெடுத்த டைரனோசாரஸ் ரெக்ஸ் விலங்கின் எலும்புக்கூட்டுக்கு ஸ்காட்டி என்று பெயர். இதுவரை கிடைத்த அவ்வினத்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. கனிமச் சின்னம் சில்வைட், அதாவது பொட்டாஷ் உப்பு.

நம் சமையலறைக்கும் இம்மாகாணத்துக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. கனடாவின் சாகுபடி நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இங்கே இருக்கிறது. கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் கடுகும் ஒருபுறமிருக்க, கனடா ஏற்றுமதி செய்யும் மைசூர் பருப்பில் மிகப் பெரும்பகுதி இங்கே விளைகிறது. உலகில் அதை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடும் கனடாவே. இலங்கையில் நாள்தோறும் சமைக்கும் செம்பருப்பும், இந்தியா இறக்குமதி செய்யும் மைசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் பெருமளவு இந்த வயல்களிலிருந்து வந்தவை.

இது பழைய வழக்கம் அன்று. 1971இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கியது. அங்கே ஆல் ஸ்லிங்கார்டு உருவாக்கிய லேர்டு என்ற பருப்பு வகை 1978இல் வெளிவந்தது. அதுவரை, மண்ணில் ஈரம் சேர்வதற்காக விவசாயிகள் நிலத்தை ஆண்டுவிட்டு ஆண்டு தரிசாகப் போட்டு வந்தார்கள். பருப்புச் செடியோ குறைந்த நீரில் விளைவதோடு, வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. தரிசு விட்ட நிலத்தில் பயிர் வந்தது, உரச்செலவும் குறைந்தது. ஆனால் ஒரே சந்தையை நம்புவதன் துன்பத்தையும் அவர்கள் அறிவார்கள். 2017 இறுதியில் இந்தியா பட்டாணிக்கு 50 விழுக்காடும் மைசூர் பருப்புக்கு 30 விழுக்காடும் இறக்குமதி வரி விதித்தபோது, அந்த அடி இங்குள்ள சிற்றூர்கள் வரை எட்டியது.

பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது?

ஒரு பழைய கடலிலிருந்து. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தை மூடியிருந்த ஆழமற்ற கடல் வற்றியபோது படிந்த உப்பு, இன்று சஸ்கடூன் பகுதியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அடுக்காகக் கிடக்கிறது. 1940களில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களே அதைக் கண்டார்கள். எடுப்பது எளிதாக இருக்கவில்லை. வழியில் நீர் நிறைந்த மணல் அடுக்கு ஒன்று உண்டு; அது சுரங்கக்குழியை மூழ்கடித்துவிடும். மண்ணையே உறையவைத்து, இரும்பு வளையங்களால் சுவரெழுப்பி இறங்கிய பிறகுதான், 1962இல் எஸ்டர்ஹேசியில் தொடர்ந்த உற்பத்தி தொடங்கியது. உப்பு இன்னும் ஆழத்தில் இருக்கும் பெல் பிளெய்ன் பகுதியில் ஆள் இறங்குவதில்லை. சுடுநீரைச் செலுத்திக் கரைத்து மேலே எடுக்கிறார்கள்.

உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நம் உழவர்கள் சொல்லும் மூன்றில் சாம்பல்சத்து இதுதான். இந்தியா தன் பொட்டாஷ் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருப்பதால், நம் வயல்களில் தூவும் உரத்தில் அந்தப் பழைய கடலின் பங்கும் இருக்கிறது.

யுரேனியம்?

வடக்கே அத்தபாஸ்கா படுகையில் இருக்கும் மெக்கார்த்தர் ஆறு, சிகார் ஏரி ஆகிய சுரங்கங்களின் தாது உலகிலேயே செறிவு மிக்கது. பிற நாடுகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக யுரேனியம் கொண்ட தாதுவே பெரும்பாலும் வெட்டப்படுகிறது. சிகார் ஏரியில் அது பத்து விழுக்காட்டையும் மிஞ்சும். கதிர்வீச்சு மிகுதியாதலால், பாறையை உறையவைத்து, அடியிலிருந்து உயரழுத்த நீர்த்தாரையால் அறுத்து, மனிதக் கை படாமல் எடுக்கிறார்கள். 2006இலும் 2008இலும் வெள்ளம் புகுந்ததால் அச்சுரங்கம் 2014இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. 2015இல் செய்த உடன்பாட்டின்படி, ஐந்து ஆண்டுகளில் 71 லட்சம் பவுண்டு யுரேனியச் செறிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என முடிவாயிற்று. கதிர்வீச்சின் நற்பயனாக, 1951இல் சஸ்கடூனில் ஹெரால்டு ஜான்ஸ் குழுவினர் கோபால்ட் 60 கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்த முன்னோடிப் பணியையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

எண்ணெய் உண்டா?

உண்டு. ஆல்பர்ட்டாவுக்கு அடுத்த நிலையில். எஸ்டவனுக்கு அருகில் பவுண்டரி டேம் என்ற நிலக்கரி மின்நிலையம், வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் செலுத்தும் பணியை 2014இல் தொடங்கியது.

கடிகாரத்தை மாற்றுவதில்லையாமே?

ஆம், பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் ஒரே நேரமே. எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிய லாய்ட்மின்ஸ்டர் நகரம் ஆல்பர்ட்டாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது.

காட்டெருதுகள் முற்றிலும் அழிந்துவிட்டனவா?

காட்டில் சுற்றித் திரிந்த பெருங்கூட்டங்கள் போய்விட்டன. ஆயினும் தெற்கிலுள்ள புல்வெளித் தேசியப் பூங்காவில் ஒரு கூட்டம் வளர்க்கப்படுகிறது. 2019 இறுதியில் அங்கிருந்து ஆறு கன்றுகளை வனுஸ்கேவினுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அப்பள்ளத்தாக்கில் எருதின் குளம்பு பட்டது. அடுத்த ஆண்டே, அவை மேய்ந்தும் புரண்டும் புல் நீங்கிய இடத்தில், மண்ணுக்கு மேலே ஒரு கல்லின் விளிம்பு தெரிந்தது. பல பத்தாண்டுகளாக அங்கே அகழாய்வு செய்தவர்களின் கண்ணில் படாத பாறைச் செதுக்குகள் நான்கு, அவ்விதமாக வெளிவந்தன; செதுக்கப் பயன்பட்ட கல்லுளி ஒன்றும் அருகிலேயே கிடந்தது. ஒரு கல்லில் வரிவரியாக இழைத்திருக்கும் கோடுகள் எருதின் விலா எலும்புகள்.